ரேஸ், ரேஸிங், பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை ஓடினால் ரேஸிங். கார் ஓடினால் ரேஸிங். சும்மா நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் ரேஸிங், நெஞ்சு படபடத்தாலும் ரேஸிங். விளையாட்டுச் செய்தி எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் இந்தச் சொல் வரும் இடத்தில் என் கை பலமுறை நின்றிருக்கிறது. நண்பர்களும் இதைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரேஸிங் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியும். குறித்த தூரத்தை, எல்லோருக்கும் பொதுவான விதிக்குக் கட்டுப்பட்டு, யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்ப்பது. அந்தப் போட்டி ரேஸ். அதில் ஓடுவதும் ஓட்டுவதும், அந்த விளையாட்டு மொத்தமும் ரேஸிங்.

வேகமாகப் போனாலே ரேஸிங் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் இதில் பாதிதான். 1997-ல் த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி. என்ற ஜெட் கார் தரையில் மணிக்குச் சுமார் 1,228 கி.மீ. வேகத்தில் பாய்ந்து ஒலியின் வேகத்தையே தாண்டியது. ஓட்டியவர் ஆண்டி கிரீன். அது உலக சாதனை, ஆனால் ரேஸ் இல்லை. அங்கே அவர் முந்துவதற்கு ஆளே கிடையாது. அதே நேரத்தில், இரண்டு சிறுவர்கள் 'அந்த மரத்தை யார் முதல்ல தொடுறது? ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லிவிட்டு ஓடினால் அது முழு ரேஸ். தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, எதிராளி இருக்கிறான், 'மூணு' சொல்வதற்கு முன் காலை எடுக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்குப் பாதி பதில் கையில் கிடைத்துவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வட ஐரோப்பாவில் முன்பு வழங்கிய பழைய நார்ஸ் மொழியில் 'ராஸ்' என்று ஒரு சொல் இருந்தது. ஓட்டம் என்றும், நீரின் பாய்ச்சல் என்றும் அதற்குப் பொருள். அதுதான் ஆங்கிலத்துக்குப் போய் ரேஸ் ஆனது. முதலில் வெறும் ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறித்தது, ஓட்டப் போட்டி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழைய தண்ணீர்ப் பொருள் இன்னும் சாகவில்லை. நீராலையின் சக்கரத்தைச் சுழற்ற வெட்டிவிடும் வாய்க்காலுக்கு ஆங்கிலத்தில் 'மில் ரேஸ்' என்று பெயர். கடலில் இடுக்கான இடத்தில் சீறிப் பாயும் ஓதநீருக்கு 'டைடல் ரேஸ்'. இதையெல்லாம் மொழிபெயர்க்கும்போது பந்தயம் என்ற சொல் பக்கமே போக வேண்டாம். வாய்க்கால், நீரோட்டம் என்று எழுதினால் போதும்.

'இனம்' என்று பொருள்படும் ரேஸும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. எழுத்தும் ஒலிப்பும் ஒன்று, வேர் வேறு. இனத்தைக் குறிக்கும் சொல் இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நமது ஓட்டத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. மூன்றாவதாகவும் ஒரு ரேஸ் உண்டு: பழைய ஆங்கிலத்தில் இஞ்சிக் கிழங்குத் துண்டுக்கும் அதே பெயர். அது 'வேர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இதில் கவனமாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூழல் தெரியாமல் மொழிபெயர்த்தால் 'அவர் ரேஸை வென்றார்' என்பது 'அவர் இனத்தை வென்றார்' ஆகிவிடும். ஒரு விளையாட்டு வீரரின் வெற்றிச் செய்தி ஒரே சொல்லில் விபரீதமாகிவிடுகிறது. ஆனால் 'ரேஸிங்' என்று வால் ஒட்டி வந்துவிட்டால் பயமில்லை. அந்த வடிவத்துக்கு இனம் என்ற பொருள் கிடையாது.

தமிழில் பந்தயம் என்று எழுதுவதா, போட்டி என்று எழுதுவதா?

பாட்டுப் போட்டி உண்டு, கட்டுரைப் போட்டி உண்டு, கோலப் போட்டி உண்டு. இவை எதுவும் ரேஸ் இல்லை. போட்டி பெரிய குடை, ரேஸ் அதற்குள் ஒரு மூலையில் நிற்பது. ஆகவே ரேஸுக்குப் போட்டி என்று எழுதினால் தவறு இல்லை, ஆனால் மங்கலாக இருக்கும். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் தெளிந்துவிடும்: ஓட்டப் போட்டி, படகுப் போட்டி, நீச்சல் போட்டி.

பந்தயம் அதைவிட நெருக்கமான சொல். ஓட்டப்பந்தயம், குதிரைப் பந்தயம், கார் பந்தயம், சைக்கிள் பந்தயம் எல்லாம் நன்றாக வேர்பிடித்துவிட்டவை. ஆனால் நீச்சல் பந்தயம் என்று யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, அங்கே போட்டிதான். தடகளத்தில் பல இடங்களில் 'ஓட்டம்' மட்டுமே போதும்: 100 மீட்டர் ஓட்டம், தொடர் ஓட்டம், தடை ஓட்டம், நெடுந்தூர ஓட்டம். இதற்கெல்லாம் சூத்திரம் தேடாதீர்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எது இயல்பு என்று காது சொல்லிவிடும்.

பந்தயம் என்றாலே பணம் கட்டுவதுபோல் தோன்றுகிறதே?

தோன்றுவது சரிதான், அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். 'என்ன பந்தயம்?' என்று ஒருவர் கேட்டால் எந்த ரேஸ் என்று கேட்கவில்லை, தோற்றால் என்ன தருவாய் என்று கேட்கிறார். 'நாளைக்கு மழை பெய்யும், பந்தயம்!' என்னும்போது அங்கே யாரும் ஓடவே இல்லை. ஓட்டமும் பணயமும் ஒரே சொல்லில் இப்படிக் குடியிருக்கின்றன.

எழுதும்போது பிரித்துக் காட்டுவது கடினமில்லை. பணம் வைப்பதற்குப் 'பந்தயம் கட்டுவது' என்ற வினை இருக்கிறது. ஓடுவதற்குப் 'பந்தயத்தில் ஓடுவது', 'பந்தயத்தில் கலந்துகொள்வது'. 'குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டார்' என்று எழுதினால் அவர் குதிரை ஓட்டினாரா, பணம் கட்டினாரா என்று படிப்பவர் திணறுவார். ஜாக்கி ஒருவரை இப்படி எழுதி, அவரைச் சூதாடியாகப் படிக்க வைத்துவிடக் கூடாது. குதிரையை ஓட்டியவர் என்றே எழுதிவிடுங்கள்.

யார் முந்தினார்கள் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'முதலில் வந்தவர்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எது முதலில் வர வேண்டும்? மூக்கா, காலா, நெஞ்சா?

ஒவ்வொரு விளையாட்டிலும் விடை வேறு. தடகளத்தில் நடுவுடல்தான் கணக்கு. தலை, கழுத்து, கை, கால் எது முதலில் கோட்டைத் தாண்டினாலும் செல்லாது. அதனால்தான் கடைசி அடியில் நெஞ்சை முன்னால் தள்ளி விழப்போவதுபோல் சாய்கிறார்கள். குதிரைக்கு மூக்கு, சைக்கிளுக்கு முன் டயரின் விளிம்பு, துடுப்புப் படகுக்கு அணியம், அதாவது படகின் முன்முனை. நீச்சலில் சுவரைத் தொட வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். அறிவிப்புப் பலகையில் நோவா லைல்ஸ் 9.79, கிஷேன் தாம்சன் 9.79. ஆயிரத்தில் ஒரு பங்குவரை போய்ப் பார்த்தபோதுதான் லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789 என்று பிரிந்தது. இடைவெளி 0.005 நொடி. அந்த வேகத்தில் அது ஐந்தாறு சென்டிமீட்டர் தூரம், அவ்வளவுதான்.

இதைப் பிரித்துக் காட்டுவது ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா. அது நாம் எடுக்கும் படம்போல் முழுக் காட்சியையும் பிடிப்பதில்லை. முடிவுக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய கீற்றாக, நொடிக்குப் பல்லாயிரம் முறை படமெடுத்து, கீற்றுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறது. ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக நீள்வது தூரம் இல்லை, நேரம். ஒருவரின் பாதம் சரியாகக் கோட்டின்மேல் ஊன்றி நின்றிருந்தால், அந்தப் பாதம் மட்டும் படத்தில் பலகைபோல் நீண்டு கிடக்கும். மற்றதெல்லாம் கோட்டைக் கடந்து பாய்ந்துகொண்டிருந்தபோது அது ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது என்று பொருள். ஒரு முறை இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் அப்புறம் அந்தப் படங்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நீச்சலில் சங்கதி வேறு. 2008 பெய்ஜிங்கில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளை. பார்த்தவர்கள் கண்ணுக்கு மிலோராட் சாவிச் முந்தியதுபோல் இருந்தது. சுவரில் இருக்கும் உணர்பலகையை முதலில் அழுத்தியது மைக்கேல் ஃபெல்ப்ஸின் கை. 50.58, 50.59. நெருங்கி வந்தால் மட்டும் போதாது, பலகை உணரும் அளவுக்குத் தொட வேண்டும் என்பது அங்கே விதி.

'டெட் ஹீட்' என்றால் என்ன? எதற்காக அந்தப் பெயர்?

இருவர் சமமாக முடிப்பது. முன்பு குதிரைப் பந்தயங்களை ஒரே ஓட்டத்தோடு முடிக்க மாட்டார்கள். அதே குதிரைகளைப் பல சுற்று ஓடவிட்டு, போதிய சுற்றுகளை வென்ற குதிரைக்குப் பரிசு தருவார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு ஹீட். ஒரு சுற்றில் இரண்டு குதிரை சமமாக வந்தால் அந்தச் சுற்று கணக்கில் சேராது, செத்த சுற்று. அதுதான் டெட் ஹீட். தமிழில் 'சமநிலை முடிவு' என்று எழுதலாம். தகுதிச் சுற்றுகளை இன்றும் ஹீட்ஸ் என்று சொல்வது அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

1877-ல் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி சமநிலையில் முடிந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மேனுவலும் பென்னி ஒலெக்சியாக்கும் 52.70 நொடியில் சேர்ந்தே சுவரைத் தொட்டார்கள், இருவருக்கும் தங்கம்.

ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்துப் பிரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு முறை அப்படிச் செய்து பார்த்தார்கள். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில், அதாவது நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் போட்டியில், குன்னர் லார்சன் டிம் மெக்கீயை 0.002 நொடியில் வென்றதாக அறிவித்தார்கள். அந்த நேரத்தில் நீந்துபவர் கடப்பது சுமார் மூன்று மில்லிமீட்டர். நீச்சல்குளத்தின் ஒரு தடத்துக்கும் இன்னொரு தடத்துக்கும் நீளத்திலேயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கலாம்! அதற்குப் பிறகு நீச்சலில் நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். சமம் என்றால் சமம். அளவுகோலுக்கு இல்லாத நுட்பத்தை முடிவில் காட்டக் கூடாது என்ற அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

தொடக்கத்துக்கும் இவ்வளவு கண்டிப்பு உண்டா?

உண்டு. தடகளக் குறுந்தூர ஓட்டங்களில் துப்பாக்கி ஒலித்து 0.1 நொடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால் அது தவறான தொடக்கம். ஒலியைக் கேட்டுக் கிளம்ப அதைவிட அதிக நேரம் ஆகும், ஆகவே அவர் ஊகித்துக் கிளம்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2010 முதல் ஒரு முறை தவறினாலே வெளியேற வேண்டும். அடுத்த ஆண்டே தென் கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசேன் போல்ட் அப்படித்தான் வெளியேறினார்.

பெரிய போட்டிகளில் ஒவ்வொருவரின் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். துப்பாக்கி ஓரத்தில் மட்டும் வெடித்தால், கடைசித் தடத்தில் இருப்பவருக்கு ஒலி போய்ச் சேர நூற்றில் மூன்று பங்கு நொடி ஆகும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கும் என்று மேலே பார்த்தோமே.

எல்லா ரேஸும் துப்பாக்கி ஒலியோடு தொடங்குவதில்லை. ஃபார்முலா ஒன்னில் ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, எல்லாம் சேர்ந்து அணையும்போது கிளம்ப வேண்டும். பாய்மரப் படகுகளோ முன்கூட்டியே நகர்ந்துகொண்டிருக்கும். குறி கொடுத்த பிறகு கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

400 மீட்டரில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறார்களே, அது அநியாயம் இல்லையா?

அப்படி நிற்காவிட்டால்தான் அநியாயம். வளைவில் வெளித்தடம் நீளம். ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளியே ஓடுபவர் கூடுதல் தூரம் ஓட வேண்டிவரும். அதைச் சரிக்கட்ட இரண்டாம் தடத்தில் இருப்பவரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். அதற்கு அப்புறம் ஒவ்வொரு தடத்துக்கும் இன்னும் 7.67 மீட்டர். ஒரே கோட்டில் நிற்பதும் ஒரே தூரம் ஓடுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரே முடிவுக் கோடு இல்லாத ரேஸ் உண்டா?

உண்டு, புறாப் பந்தயம். எல்லாப் புறாக்களையும் ஒரே இடத்தில் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் கூட்டுக்குப் பறக்கும். கூடுகள் வேறு வேறு ஊரில், வேறு வேறு தூரத்தில். ஆகவே முதலில் வீடு சேர்ந்த புறா ஜெயித்ததாக ஆகாது. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு அதிக தூரம் பறந்தது எது என்று பார்ப்பார்கள். போட்டி நடந்த நேரத்தில் எதிராளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. ஆனாலும் ரேஸ்தான், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

நடைப் போட்டியையும் ரேஸ் என்கிறார்களே?

ஆமாம், அதில் ஓடினால் வெளியேற்றுவார்கள். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவது நடுவரின் வெறுங்கண்ணுக்குத் தெரியக் கூடாது. முன்னால் வைத்த காலை, தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடல் அதற்கு நேர்மேலே வரும்வரை மடக்கவும் கூடாது. அந்த இடுப்பு அசைவு இதனால் வருவது. கேலி செய்பவர்கள் ஒரு நூறு மீட்டராவது அந்த விதிப்படி வேகமாக நடந்து பார்க்க வேண்டும்.

கார் ரேஸ் எப்போது தொடங்கியது?

1894-ல் பாரிஸிலிருந்து ரூவான்வரை ஒரு பிரெஞ்சு நாளிதழ் நடத்திய போட்டியைப் பலர் முதல் படி என்கிறார்கள். அதில் வேகம் மட்டும் கணக்கில்லை, பாதுகாப்பு, ஓட்டும் சுலபம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். முந்துவதே நோக்கமாக இருந்தது அடுத்த ஆண்டு பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பிய 1,178 கி.மீ. பந்தயத்தில். எமில் லெவாசோர் 48 மணி 48 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். இரண்டாவதாக வந்தவர் பல மணி நேரம் பின்னால். ஆனால் முதல் பரிசு லெவாசோருக்கு இல்லை! அது நான்கு இருக்கை வண்டிகளுக்கு என்று விதி, அவருடைய வண்டியில் இரண்டே இருக்கை. பரிசு கோஷ்லின் ஓட்டிவந்த பெஜோவுக்குப் போனது.

முதலில் வருவது வேறு, விதிப்படி முதலில் வருவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

'கார் ரேலி'யைப் பேரணி என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. பேரணி என்றால் கொடி பிடித்து, கோஷம் போட்டு, கூட்டமாகப் போவது. விளையாட்டில் ரேலி வேறு. கார்கள் ஒன்றாகக் கிளம்பாது, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். காட்டுப்பாதை, மண்சாலை, பனி என்று பல கட்டங்களில் எடுத்த நேரத்தைக் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் வெற்றி. ஓட்டுநருக்குப் பக்கத்தில் வழித்துணைவர் ஒருவர் உட்கார்ந்து அடுத்த வளைவைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். 'ரேலி' என்று அப்படியே எழுதிவிடுங்கள். தமிழ்ச் சொல் கட்டாயம் வேண்டுமென்றால் 'கட்டப் பந்தயம்' என்று விளக்கத்தோடு போடலாம், ஆனால் ரேலி எல்லோருக்கும் புரிகிறது.

ஃபார்முலா ஒன்னில் 'ஃபார்முலா' எதைக் குறிக்கிறது?

கார் எப்படி இருக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பை. எடை, இஞ்சின், அளவு எல்லாம் அதில் அடக்கம். அந்த விளையாட்டின் பெயரே 'முதலாம் விதி' என்பதுதான்! உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் 1950 மே 13-ம் தேதி சில்வர்ஸ்டோனில் நடந்தது, வென்றவர் ஜுசெப்பே ஃபரீனா. வழக்கமாக 305 கி.மீ. தூரத்தைத் தாண்டும் அளவுக்குச் சுற்றுகள் வைப்பார்கள், மொனாக்கோவில் மட்டும் 260. கிராண்ட் ப்ரீ என்பது பிரெஞ்சில் 'பெரிய பரிசு'.

'இஞ்சினை ரேஸ் பண்ணாதே' என்று மெக்கானிக் சொல்வது சரியான பயன்பாடா?

சரியான பயன்பாடுதான். பலர் இதைக் கொச்சை என்று நினைத்துத் திருத்துகிறார்கள், வேண்டாம். கியர் விழாமல், சுமை இல்லாமல் இஞ்சினை வேகமாகச் சுழலவிடுவதை ஆங்கிலத்திலேயே 'ரேஸ்' என்ற வினையால்தான் சொல்கிறார்கள். வண்டி நியூட்ரலில் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்குகிறோம். சக்கரம் அசையவில்லை, ஆனால் இஞ்சின் உச்சக் குரலில் கத்துகிறது. இழுக்கச் சுமை இல்லாததால் கட்டுப்பாடின்றி ஓடுகிறது, பழைய நார்ஸ் 'பாய்ச்சல்' பொருள் இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. குளிர்ந்த இஞ்சினில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவும் முன் இப்படிச் செய்தால் உள்ளே தேய்மானம் அதிகம். மெக்கானிக் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சிலர் 'ரெய்ஸ் பண்ணு' என்பதும் உண்டு. அது உயர்த்து என்ற வேறு சொல். காதில் இரண்டும் கலந்துவிடும்.

பேரிங்கிலும் 'ரேஸ்' இருக்கிறதே?

குண்டுகள் உருண்டு ஓடும் வளையப் பள்ளம் அது. உள் ரேஸ், வெளி ரேஸ் என்று இரண்டு வளையம். ஓடுபாதை என்ற பொருளில் வந்த பெயர். பட்டறையில் எல்லோரும் ரேஸ் என்றுதான் சொல்கிறார்கள், மாற்ற வேண்டிய தேவை இல்லை.

'ஹார்ட் ரேஸிங்', 'ரேஸிங் தாட்ஸ்' இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதயம் பந்தயம் ஓடுகிறது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நமக்கு 'நெஞ்சு படபடக்கிறது' இருக்கிறது, 'திக்திக் என்று அடித்துக்கொள்கிறது' இருக்கிறது. பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வழக்கம். ஓடிவிட்டு வந்தாலோ பயந்தாலோ கூடுவது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடத்து, கூடவே நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதில் தாமதமே கூடாது.

எண்ணங்களுக்கு இன்னும் அழகான சொல்வழக்கு உண்டு: 'ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வருகின்றன'. பதற்றத்தில், தூக்கமில்லாத இரவில், இருமுனைக் கோளாறின் மிகை மனநிலையில் இப்படி ஆகும். ஒரு எண்ணம் முடிவதற்குள் அடுத்தது தலையை நீட்டும். தமிழ் வழக்கில் அந்த முந்துதல் இருப்பதால் பொருள் கொஞ்சமும் சிந்தாமல் வந்துவிடுகிறது.

கணினியில் 'ரேஸ் கண்டிஷன்' என்கிறார்களே, அங்கே யார் ஓடுகிறார்கள்?

இரண்டு வேலைகள் ஓடுகின்றன. பேருந்தில் ஒரே ஒரு இருக்கை காலி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள். இருவருக்கும் நிரல் 'காலியா?' என்று பார்க்கிறது, இருவருக்கும் 'காலி' என்று பதில் வருகிறது. முதலாமவர் பதிவு ஏறுவதற்குள் இரண்டாமவர் பதிவும் கிளம்பிவிடுகிறது. ஒரே இருக்கைக்கு இரண்டு டிக்கெட். யார் எந்தக் கணத்தில் முந்தினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது, அதனால்தான் அந்தப் பெயர்.

இது சிரித்துவிட்டுப் போகிற சிக்கல் இல்லை. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. உயிர்கள் போயின. காரணங்களில் ஒன்று இந்த ரேஸ் கண்டிஷன். இயக்குபவர் திரையில் தட்டியதைச் சில நொடிக்குள் வேகமாகத் திருத்தினால், கதிரைத் திருப்பும் காந்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்த நிரல் அந்தத் திருத்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும். வேகமாகத் தட்டப் பழகியவர்கள் கையில்தான் பிழை வெளிப்பட்டது. இதைத் தமிழில் 'முந்தல் பிழை' என்று நான் எழுதிவருகிறேன். வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆயுதப் போட்டி, விண்வெளிப் போட்டி, எலிப் பந்தயம்?

முதல் இரண்டும் நிலைத்துவிட்ட சொற்கள். 1957-ல் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் பறந்ததிலிருந்து 1969-ல் அமெரிக்காவின் அப்போலோ 11 நிலவில் இறங்கியதுவரை நடந்தது உண்மையிலேயே ரேஸ், முடிவுக் கோடும் இருந்தது. ஆயுதப் போட்டிக்கு முடிவுக் கோடே கிடையாது. பணத்துக்கும் பதவிக்கும் ஓயாமல் அடித்துப்பிடித்து ஓடும் வாழ்க்கையை ஆங்கிலத்தில் 'ராட் ரேஸ்' என்பார்கள்; அதன் நேர் பெயர்ப்பான எலிப் பந்தயம் தமிழில் ஒட்டவில்லை. 'நிற்க நேரமில்லாத ஓட்டம்' என்றாலே படிப்பவருக்குப் புரிகிறது.

சாலையில் பைக்கில் முந்தி ஓட்டுவதையும் ரேஸிங் என்று எழுதலாமா?

செய்திகளில் எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்தும். ரேஸ் ஓட்டுபவர் எல்லோரும் ஒப்புக்கொண்டு, மூடிய பாதையில், ஹெல்மெட்டும் நடுவரும் மருத்துவ வண்டியும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். சாலையில் எதிரே வரும் அம்மா அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. 1903-ல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் பொதுச்சாலையில் நடந்தது. பார்வையாளர்களும் ஓட்டியவர்களும் செத்து விழுந்ததால் போர்தோவிலேயே நிறுத்திவிட்டார்கள். 1907-ல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் ரேஸுக்கென்றே தனிப் பாதை வந்துவிட்டது. 'ஆபத்தாக ஓட்டினார்' என்று எழுதுங்கள். ரேஸிங் என்ற பெருமையை அதற்குத் தர வேண்டாம்.

ரேஸிங்கா, ரேசிங்கா?

இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். பந்தயத்தோடு சேர்க்கும்போது ஒற்று மிகும்: பந்தயக் குதிரை, பந்தயக் கார், பந்தயப் பாதை.

முடிவுப் பட்டியலில் எண்ணுக்குப் பதில் டி.என்.எஃப். என்று இருக்கிறதே, தமிழில் எப்படி எழுதுவது?

'ஓட்டத்தை முடிக்கவில்லை' என்று. டி.என்.எஸ். என்றால் 'தொடங்கவில்லை', டி.க்யூ. என்றால் 'தகுதி நீக்கம்'. மூன்றையும் 'தோல்வி' என்று ஒரே சொல்லில் எழுதுவது தவறு. அதேபோல் கடைசியாக வந்தவரையும் முடிக்காதவரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானில் 75 பேர் கிளம்பினார்கள். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடத்தில் வென்றார். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்காலில் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே இருட்டிய பிறகு அரங்குக்குள் வந்தார். பட்டியலில் 18 பேருக்கு நேரத்துக்குப் பதில் அந்த மூன்று எழுத்துகள். அக்வாரியின் பெயருக்கு நேரே எண்கள் இருக்கின்றன: 57-வது இடம், 3 மணி 25 நிமிடம் 27 நொடி.